பொற்கையும் இரும்புக் கொக்கியும்

நள்ளிரவில் நகர்ச்சோதனைக்குப் புறப்பட்ட பாண்டிய மன்னன் ஒருவன், கீரந்தை என்னும் அந்தணனுடைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே கணவனின் குரல் கேட்டதும், அந்தக் குடும்பத்தில் வீண் சந்தேகம் மூளுமே என்று அஞ்சித் தெருவிலுள்ள கதவுகளையெல்லாம் தட்டிவிட்டுப் போனான் என்பதும், மறுநாள் தெருவார் கூடி முறையிட்டபோது குற்றம் செய்த கையைத் தானே வெட்டி வீழ்த்தினான் என்பதும், பின்னர் பொன்னாலாகிய கையைப் பொருத்திக்கொண்டு பொற்கைப் பாண்டியன் என்று பெயர் பெற்றான் என்பதும் நம்மவர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையும் இந்த மன்னனைக் குறிப்பிடுகிறது. நீதி பரிபாலனத்துக்கு உதாரணமாக இதைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்; படிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொற்கை என்ன வேலை செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க அவசியமும் இல்லை. அரசனுக்குக் கவரி வீசவும் குடை பிடிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவன் கை சபையில் பளபளத்தால் போதும், மூட்டை தூக்க வேண்டியதில்லை.

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் கையிழந்தவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ரயில்வே கேட்டின் இருபுறமும் லாரியும் ஆட்டோவும் சைக்கிளும் தேங்கி நிற்க, நீண்ட சரக்கு ரயில்கள் சாவதானமாக ஊர்ந்துபோகும் இந்தப் பேட்டை, மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் வடக்கே தண்டையார்பேட்டை யார்டும் கிழக்கே ராயபுரமும் காசிமேடும் சூழ, கையை நம்பியே ஜீவனம் நடத்தும் ஜனங்களின் வாசஸ்தலம். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கும் லோடுமேன்கள், சந்துக்குள் ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள், வெல்டர்கள், டேங்கர் லாரி டிரைவர்கள், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு ஷிஃப்ட் போகிற பிரஸ் ஆபரேட்டர்கள், காசிமேட்டு விசைப்படகுகளில் வின்ச் இழுப்பவர்கள், ஐஸ் உடைக்கும் இயந்திரத்தில் கட்டியைத் தள்ளுபவர்கள் என்று பலதரப்பட்ட தொழிலாளிகள் இங்கே குடியிருக்கிறார்கள். இவர்களுடைய தொழில்கள் ஒவ்வொன்றும் கையை ஒவ்வொரு விதமாகக் கேட்கின்றன. பறித்துக்கொள்வதும் ஒவ்வொரு விதமாகத்தான். பிரஸ் நசுக்குகிறது, வின்ச்சின் கம்பிவடம் சுற்றி இழுக்கிறது, உயர் அழுத்த மின்சாரமோ, தோலின்மேல் சிறு காயம் மட்டுமே காட்டி, உள்ளே தசையையும் இரத்தக் குழாய்களையும் கருக்கிவிடுவதால், பிழைக்கும் என்று முதல் நாள் நினைத்த கையைச் சில நாட்களில் எடுத்துவிட நேர்கிறது.

இத்தகைய தொழிற்பிரதேசத்தின் விளிம்பில் ஸ்டான்லி மருத்துவமனை அமைந்திருப்பது ஒரு பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததாதலின், வடசென்னை முதியவர்கள் இதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பது வழக்கம். இங்கே 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். நசுங்கிய கை வந்தால் வெட்டி எடுத்துத் தைத்து அனுப்புவதே சாதாரணமாயிருந்த காலத்தில், ஒரு விரலின் நுனி அங்குலத்துக்குக்கூட ஒரு தொழிலாளியின் கூலியில் பங்குண்டு என்பதை உணர்ந்து, அந்த நுனியைக் காப்பாற்றுவதற்கென்று ரணசிகிச்சையில் இத்தனை சிரத்தை காட்டியவர்கள் அதிகம் பேர் இல்லை. சாய்வாகத் துண்டான விரல்நுனியை, அதே விரலின் பக்கத்துத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையொன்றை அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்டார்கள். உலகத்துக் கைச் சிகிச்சை நூல்கள் இன்றும் அதை வெங்கடசாமியின் பெயராலேயே குறிக்கின்றன. அந்தப் பிரிவு இப்போது கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக வளர்ந்திருக்கிறது. மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் இரு கைகளையும் பொருத்திய சிகிச்சை 2018 பிப்ரவரியில் நடந்ததும் இங்கேதான். இந்தியாவில் கைமாற்றுச் சிகிச்சை முதன்முதலாக 2015இல் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் நடந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி அதைச் செய்து காட்டியது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போவது முறையாகாது. விரலோ கையோ துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் வைத்த பாத்திரத்தில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸ் நேரடியாகத் தசையில் படக்கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. தசை மிகுந்த முன்கையானால், குளிரூட்டாமல் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. கூடவே ஓடிவரும் சகதொழிலாளிக்கு இது தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் ஒருவரின் ஆயுட்கால வித்தியாசம்.

எல்லாக் கையும் திரும்ப ஒட்டுவதில்லை. மாற்றுக்கை பொருத்தினாலோ உடம்பு அதை நிராகரிக்காமலிருக்க ஆயுள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். தானமாகக் கிடைப்பதும் சொற்பம். ஆதலால் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்வது செயற்கைக் கையிடம்தான்.

செயற்கைக் கால் விஷயத்தில் நம் தேசம் பெருமைப்படலாம். டாக்டர் பி.கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுபதுகளின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், நம் ஜனங்கள் சப்பணமிட்டு உட்காருவதையும் வெறுங்காலோடு வயலில் இறங்குவதையும் கணக்கில் கொண்டு பிறந்தது; அதன் கீர்த்தி யாழ்ப்பாணம் வரை பரவிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீநிவாசன் தலைமையிலான மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் 2022இல் ‘கதம்’ என்னும் முழங்கால் மூட்டை வெளியிட்டது. கைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள நம்மிடம் ஏன் ஒன்று இல்லை? காலின் காரியம் அநேகமாக ஒன்றே. உடம்பைத் தாங்கி முன்னே செலுத்துவது. கையின் காரியத்துக்கு எண்ணிக்கை இல்லை. அன்றியும், ஒற்றைக் காலால் நடக்க முடியாது; ஆனால் ஒற்றைக் கையால் சமாளித்துவிட முடியும். ஆகவே பிரயோஜனமற்ற செயற்கைக் கையை மனிதன் சகித்துக்கொள்வதில்லை, கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறான். இருபத்தைந்து ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் கனடா நாட்டார் வெளியிட்ட கணக்கில், வயதுவந்தோரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் கையை நிராகரித்துவிட்டார்; கம்பியால் இழுக்கும் கைக்கு 26 சதவீதம், மின்சாரக் கைக்கு 23 சதவீதம். அதாவது பல மடங்கு விலையுள்ள யந்திரம், நிராகரிப்பைக் குறைத்த அளவு மூன்றே சதவீதம்.

கம்பியால் இழுக்கும் கையின் சூட்சுமம் மிக எளிது. எஞ்சிய முன்கையின்மேல் ஒரு கூடு. முதுகில் எட்டின் வடிவத்தில் ஒரு வார். அந்த வாரிலிருந்து சைக்கிள் பிரேக்கில் உள்ளதுபோல உறைக்குள் ஓடும் கம்பி. தோளை முன்னே தள்ளினால் கம்பி இழுபட்டு நுனியிலுள்ள இரட்டைக் கொக்கி திறக்கும். தோளைத் தளர்த்தினால் ரப்பர் வளையங்கள் அதை மூடும். ஒரு வளையம் ஏறக்குறைய அரைக் கிலோ பிடிப்பைத் தரும். அதிகம் வேண்டுமானால் வளையத்தைக் கூட்டலாம், ஆனால் திறக்கத் தோளுக்கு அவ்வளவு பிரயாசையும் கூடும். இந்தக் கொக்கிக்கு 1912இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் டோரன்ஸ் மருத்துவரல்லர். மர அறுப்பு ஆலையில் தம் வலக்கையை இழந்தவர். தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டார். நூறு வருஷங்கள் கழிந்தும் அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை என்பதிலிருந்தே அதன் தரத்தை ஊகிக்கலாம். கம்பியின் இழுப்பைத் தோள் உணர்வதால், பிடித்த பொருள் மெத்தென்றிருக்கிறதா, கடினமா என்பதுகூட ஓரளவு தெரியும். மின்சாரக் கையில் இந்த உணர்ச்சி பெரும்பாலும் இல்லை.

ஆனால் கொக்கி பார்வைக்கு விகாரமாயிருக்கிறது என்பார்கள். வாஸ்தவம். கல்யாண வீட்டில் சந்தனம் எடுக்க நீட்டும் கை கொக்கியாயிருந்தால் குழந்தைகள் மிரளுவார்கள், பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். இருந்தும் கூட்ஸ் ஷெட்டில் நின்று பார்த்தால் இந்த ஆட்சேபத்தின் வலு குறைகிறது. மூட்டை தூக்கும் லோடுமேன் இரண்டு கையும் உள்ளவன். அவனே தன் உள்ளங்கையில் மரப்பிடியுள்ள இரும்புக் கொக்கியை இறுக்கிக்கொண்டுதான் சாக்கைக் குத்தி இழுக்கிறான். தோலாலும் எலும்பாலும் ஆன கை அந்த வேலைக்குப் போதாதென்று கண்டு தொழிலே கண்டுபிடித்துக்கொண்ட உறுப்பு அது. அவனுக்கு ஐந்து விரலும் நகமும் ரேகையும் வரைந்த பிளாஸ்டிக் கையைக் கொடுத்து, இனி வேலைக்குப் போ என்று அனுப்புவது எந்த நியாயம்?

முதல் உலக யுத்தத்தில் கையிழந்து திரும்பிய பல்லாயிரம் சிப்பாய்களை மீண்டும் ஆலைகளுக்கு அனுப்ப வேண்டிய நிர்ப்பந்தம் ஜெர்மனிக்கு ஏற்பட்டபோது, பெர்லினில் செயற்கை அவயவங்களைச் சோதிக்கும் நிலையம் ஒன்று அமைந்தது. அதை நடத்தியவர் கேயார்க் ஷ்லேசிங்கர். அவரும் மருத்துவரல்லர், லேத் முதலான இயந்திரங்களைப் பற்றிய பேராசிரியர். கை என்பது என்ன என்று கேளாமல், கை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டார். உருளையைப் பற்றுதல், உருண்டையைப் பற்றுதல், விரல்நுனியால் கிள்ளுதல், விரல்களின் தட்டையான பரப்புக்கிடையே பிடித்தல், சாவியைப் பிடிப்பதுபோலக் கட்டைவிரலைப் பக்கவாட்டில் அழுத்துதல், வாளியின் வளையத்தைப்போலக் கொக்கியிட்டுத் தூக்குதல் என்று அவர் வகுத்த ஆறு பிடிகளையே இன்றைய ரோபோ நிபுணர்களும் கையாளுகிறார்கள். ஒரு தொழிலுக்கு ஆறும் தேவைப்படாது. எந்த இரண்டு அல்லது மூன்று வேண்டும் என்பதே கேள்வி. ஜெர்மானியர்கள் சுத்தியும் அரமும் மாட்டும் வேலைக்கை ஒன்றும், விடுமுறையில் அணிந்து உலாவுவதற்கு ஞாயிற்றுக்கிழமைக் கை ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொண்டார்கள். நம்முடைய பொற்கை இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது. அதை நான் இகழவில்லை. முக்கியமாக ஒரு பெண்ணுக்கு, நாலுபேர் நடுவே கூச்சமின்றி நிற்கச் செய்யும் கை அற்ப விஷயமன்று. ஆனால் இலவசத் திட்டங்கள் ஒற்றைக் கையோடு நின்றுவிடும்போது, கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கையாயிருந்தால், திங்கட்கிழமைக்கு என்ன செய்வது?

தொழில் தொழிலாக எடுத்துப் பார்த்தால் கையின் வடிவம் தானாகவே புலப்படும். வெல்டருக்கு உருகாத எஃகுக் கவ்வி வேண்டும். தோல்நிற உறை போட்ட கை முதல் நாளே பொசுங்கிவிடும். வயர்மேனுக்கோ அதே எஃகு எமன். அவருக்கு மின்சாரம் பாயாத பொருளே ஆகும். லாரி ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில் பொருத்திய வளையமும் அதில் எளிதில் நுழைந்து, ஆபத்தில் சட்டென்று கழன்றுவிடும் முனையும் போதும். ஐந்து விரல்கள் அங்கே இடைஞ்சல். காசிமேட்டுக்காரருக்கு உப்புநீரில் துருப்பிடிக்காதது வேண்டும். மோட்டாரும் பேட்டரியும் உள்ள கையைப் படகில் கொண்டுபோவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். லேத்தில் நிற்பவருக்குக் கையின் வலிமையைவிடக் கம்பியும் வாரும் சட்டைக்கு வெளியே தொங்காதிருப்பதே பிரதானம். சுழலும் சக்கில் ஒரு முனை சிக்கினால் மிச்சமிருக்கும் கைக்கும் ஆபத்து. பவர் பிரஸ் ஆபரேட்டரின் நிலைமை எல்லாவற்றிலும் விசித்திரம். கை நசுங்காமலிருப்பதற்காக, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஏககாலத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்னும் ஏற்பாடு நல்ல பிரஸ்களில் உண்டு. ஏற்பாடு இல்லாத பிரஸில் கையிழந்தவர், ஏற்பாடு உள்ள ஆலைக்கு வேலை தேடிப் போனால், ஒரு கையால் இயக்க முடியாதென்று திருப்பி அனுப்பப்படுகிறார். அவருக்கு வேண்டியது விரல்கள் அல்ல. ஒரு பொத்தானை உறுதியாக அழுத்தி விடக்கூடிய மொண்ணையான ஒரு முனை, அவ்வளவே.

இத்தனைவிதக் கைகளுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். அமெரிக்க முறையில் மணிக்கட்டில் இருப்பது அரை அங்குல மரை ஒன்றுதான். எந்த முனையையும் அதில் திருகிக் கழற்றலாம். அரை அங்குல மரையைக் கடைந்து தர கொருக்குப்பேட்டையில் லேத்துக்குப் பஞ்சமா? சந்துக்குச் சந்து டர்னரும் ஃபிட்டரும் இருக்கிற இந்த ஊரில், எந்த வேலைக்கு எந்தக் கோணத்தில் கவ்வ வேண்டும் என்று கையிழந்தவரின் பழைய சகதொழிலாளியைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? கூட்டை அளவெடுத்து வார்ப்பது நிபுணர் வேலை. அதில் பட்டறைக்காரர் தலையிடக்கூடாது. முனையைச் செய்வது பட்டறை வேலை. அதை நிபுணரிடம் மட்டும் விட்டுவைத்திருப்பதுதான் நம்முடைய தவறென்று எனக்குத் தோன்றுகிறது. 1972இல் கான்பூரில் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் அரசாங்க ஸ்தாபனம் உறுப்புகளை மொத்தமாகச் செய்து அனுப்புகிறது. மகளை விபத்தில் இழந்த எர்னி மெடோஸ் என்ற அமெரிக்கர் அவள் நினைவாக வடிவமைத்த எல்.என்.-4 என்னும் பிளாஸ்டிக் கையை ரோட்டரி சங்கத்தினர் இலவசமாகப் பொருத்துகிறார்கள். பேனா பிடிக்க, கரண்டி பிடிக்க, சைக்கிள் ஓட்ட அது உதவும்; தர்மசிந்தையோடு செய்த நல்ல காரியம். ஆனால் முழங்கைக்குக் கீழே போதிய நீளம் எஞ்சியிருந்தால்தான் பொருந்தும். கனத்த வேலைக்கு அது ஏற்பட்டதன்று. மும்பையின் ‘கிரிப்பி’, ஐதராபாத்தின் ‘கல் ஆர்ம்’ போன்ற உள்நாட்டு மின்சாரக் கைகள் ஜெர்மன் சரக்கைவிட மலிவாக வந்திருப்பது சந்தோஷமே. மேஜை வேலைக்கு அவை தகும். சென்னையின் வேர்வையில் கூடு வழுக்குவதையும், தோலில் படும் மின்முனைகள் ஈரத்தால் தப்பான சமிக்ஞை பெறுவதையும், உலோகத்தூள் மோட்டாருக்குள் நுழைவதையும் விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை.

இல்லாத கை வலிப்பதும் ஒரு சங்கடம். வெட்டுண்ட கை இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல வருஷக்கணக்கில் வேதனைப்படுபவர்கள் உண்டு. ஒரு நிலைக்கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் தோன்றச் செய்து, அதைத் திறந்து காட்டினால் மூளை ஏமாந்து வலி தணிவதைத் தொண்ணூறுகளில் கலிபோர்னியாவில் கண்டறிந்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், இதே ஸ்டான்லியில் வைத்தியம் படித்தவர். சில நூறு ரூபாய்க் கண்ணாடி. கை பொருத்துவதற்கு முன்பே வீட்டில் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் காலம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கை போய் முப்பது நாட்களுக்குள் தற்காலிகக் கையேனும் பொருத்தியவர்கள் வேலைக்குத் திரும்புவதும், தாமதித்தவர்கள் திரும்பாமலே போவதும் 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தெளிவாயிற்று. அதற்குள் ஒற்றைக் கையால் வாழப் பழகிவிட்ட உடம்பு, பிறகு வரும் துணையை ஏற்பதில்லை. நம்மிடமோ காயம் ஆறி, சர்டிபிகேட் வாங்கி, நஷ்டஈட்டு வழக்கு நடந்து, பிறகு கையைப் பற்றி யோசிக்கலாம் என்ற மனோபாவம். ஒரு வாரைத் தளர்த்தவோ இறுக்கவோ நகரத்தின் மறுகோடியிலுள்ள கே.கே. நகர் அரசு மறுவாழ்வு நிலையத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. இரண்டாம் முறை போகமாட்டார்.

சட்டத்தின் கணக்கு வேறொரு விதம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை கையை அளவுகோல் வைத்து அளந்தது. தோள்மூட்டோடு போனால் 90 சதவீதம், தோள்முனையிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குள் எஞ்சினால் 80. அதற்குக் கீழே, முழங்கை முனைக்கு அப்பால் 11.43 சென்டிமீட்டர் வரை 70, கை மட்டும் போனால் 60, கட்டைவிரலுக்கு 30. எட்டு அங்குலமும் நாலரை அங்குலமும் சென்டிமீட்டராக மாறினவேயன்றி, கையை இழந்தவன் என்ன தொழில் செய்தான் என்ற கேள்வி அட்டவணையில் ஏறவில்லை. முழங்கைக்கு மேலே இடக்கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை நடவாதாகையால் அவருக்கு ஏற்பட்டது முழு இயலாமையே என்பதை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. பணத்தைத் தாமதித்த முதலாளிக்கு விதித்த அபராதத்தையும் நிலைநிறுத்தியது. விபத்து நடந்தது 1968 ஜூலையில். தீர்ப்பு வந்தது 1975 டிசம்பரில். 2010இல் மோட்டார் விபத்து வழக்கொன்றில், கை போன டிரைவரையும் குமாஸ்தாவையும் ஒரே சதவீதத்தில் அடைக்கலாகாது என்று அதே நீதிமன்றம் விளக்கிற்று. நீதிபதிகள் தொழிலைப் பார்த்து நஷ்டத்தை அளக்கிறார்கள். கை செய்பவர்கள் தொழிலைப் பார்த்துக் கையை அளக்க இன்னும் தொடங்கவில்லை.

முதலாளிகள் பெரும்பாலும் கொடுமைக்காரர்கள் அல்லர். கையிழந்தவரைக் கூப்பிட்டு, கேட்டில் உட்கார்ந்துகொள், வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்கிறார்கள். தாங்கள் பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். பதினைந்து வருஷம் மைக்ரோமீட்டரைப் பிடித்தவர் விசிலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அரசாங்க ஸ்தாபனங்களில் பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாதென 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ரயில்வே, துறைமுகம் முதலியவற்றின் நிரந்தர ஊழியருக்கு அது கவசம். அதே ரயிலிலிருந்து மூட்டை இறக்கும் லோடுமேனுக்கு அந்தக் கவசம் எட்டுவதில்லை. அவருக்கு மேஸ்திரி உண்டு, முதலாளி யாரென்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு மாதாந்தர உதவித்தொகையும் செயற்கை அவயவமும் உண்டு. அட்டையே இல்லாதவர்தான் இந்தப் பேட்டையில் அதிகம் தென்படுகிறார்.

ஆகவே ஸ்டான்லியின் கைப்பிரிவில் தையல் பிரிக்கும் வாரத்திலேயே, செயற்கை அவயவ நிபுணர் ஒருவரும் பட்டறை அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரும் நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் எதைப் பிடித்தார், எவ்வளவு கனம், எந்த உயரத்தில், வெயிலிலா தண்ணீரிலா நெருப்பருகிலா என்று விசாரிக்க வேண்டும். முடிந்தால் அவர் வேலை செய்த ஷெட்டுக்கோ படகுக்கோ ஒரு நடை போய்ப் பார்த்துவரவும் வேண்டும். பிறகு தற்காலிகக் கூடு ஒன்று, வேலைக்கான முனை ஒன்று, வீட்டுக்கும் விசேஷத்துக்கும் விரல்களோடு கூடிய கை ஒன்று. வார் அறுந்தால் நடந்துபோய் மாற்றிக்கொள்ள ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே எங்காவது ஒரு சிறு பழுதுபார்க்கும் கூடம். இவற்றுள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. ரண வைத்தியரும் லேத்தும் மரையும் எல்லாம் இரண்டு மைல் வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.